கண்ணுக்குத் தெரியாத வில்லை

ஒட்டுக்கேட்கும் ஆசையில் இறங்க வேண்டிய ஊரையே கோட்டைவிட்ட மடையன் நான். ஆரணியிலிருந்து வந்தவாசி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு பட்டு நெசவாளர் செல்போனில் ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"நம்ம பொண்ணுக்குப் பாத்திருக்கிற கனடா மாப்பிள்ளை, ஞாயித்துக்கெழமை ஆனா இதைத்தான் பாக்கப் போறாராம். நம்புறியா?"

"ஏங்க, அதுல இன்னா?"

"பாவுல ஒரு இழை அறுந்தா பத்தடி தள்ளி நின்னே சொல்றவன் நான். என் கண்ணுக்கே, பந்துக்குப் பதிலா இவங்க அடிக்கிற அந்தக் கறுப்பு வில்லை தெரியல. தெரியாததை எவன் பாப்பான்? அதான் இங்க ஒருத்தரும் இதைப் பாக்கிறதில்ல."

"அப்போ வேற எங்கியோ போய்கினு கீறாருன்றீங்களா?"

"நிச்சயத்தைத் தள்ளிவெச்சி விசாரிப்போம்."

மனம் கேட்காமல் தலையை நீட்டி, "பாத்துப் பழகினா வில்லை தெரியுமுங்க" என்றேன்.

நெசவாளர் திரும்பினார். "நீங்க மாப்பிள்ளை வீட்டு ஆளா?"