பால் வாங்கிவிட்டுத் திரும்பும் வழி

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார்:

"நான் சும்மா உக்காந்திருக்கும்போது என் மூளை சித்திரை வீதியில நடக்குதாம்."

"டாக்டரா சொன்னார்?"

"மூளைக்குள்ள ஹிப்போகேம்பஸ்னு ஒரு இடமாம். நடக்கும்போது அங்க ஒரு அலை ஓடுமாம். நடந்துட்டு உக்காந்தா வேற அலை, ரொம்ப வேகமா. அதுல நடந்த வழி மறுபடி ஓடித்தான் மனசுல பதியுமாம். எலியை வச்சுப் பார்த்திருக்காங்க."

"மூளைக்காய்ச்சல் வந்ததுலேர்ந்து பால் வாங்கப் போனா முனையில வழி தெரியாம நிக்கறீங்க. எலி நிக்குதா?"

"கோயிலைச் சுத்தி நாலு முனையும் ஒரே மாதிரி இருக்கே."

"முனை வரைக்கும் ஏன் போறீங்க? கடை நம்ம வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரம். வாங்கிட்டு அப்படியே திரும்புங்க."

"அப்படியே திரும்பினா இடமா ஆயிடுமே. கோயிலை வலமாத்தானே சுத்தணும்? கால் தானாப் போகுது."

"தனியா அனுப்பவே பயமா இருக்குங்க."

"மூளையில அந்த வழி பின்னாலேர்ந்தும் ஓடுமாம், கடைசியிலேர்ந்து முதலுக்கு."

"மூளையே இடமா சுத்துது. காலுக்கு மட்டும் என்ன ஆசாரம்?"

இறங்கிய பிறகு எனக்கும் சித்திரை வீதி வழிதான். வீட்டு வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டார். கணவர் மட்டும் கடைக்குப் போனார். பால் பாக்கெட்டோடு முனையைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். அந்த அம்மா கூப்பிடவில்லை.

பிறகு அவர் திரும்பி நடந்து வந்து, பாக்கெட்டை மனைவி கையில் கொடுத்தார்.

"பெருமாள்கிட்ட நீயே சொல்லிடு."