ஜப்பான்காரர் பிடித்த ஹேண்ட் பிரேக்

மலாயாவில் ஜப்பான்காரர் ஆட்சிக் காலம். சுங்கை பட்டாணியில் அரிசி வரிசை. எனக்கு முன்னால் ஒரு டிரைவர், தோட்டத்து ஆள் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஹேண்ட் பிரேக்க ஜப்பான் ஆபீசர்தாண்ணே புடிச்சிக்கிட்டு வருவாரு."

"ஏன் தம்பி?"

"கேபிள் அந்துபோச்சி. பழைய லோரியோடத கழட்டி அவரு மோட்டார் காடியில மாட்டுனேன். ரெண்டு முழம் நீளம் அதிகம்."

"வெட்ட வேண்டியதுதானே?"

"பட்டாளத்துச் சாமான்லா. அத வெட்டுனா என் தலைய வெட்டுவானுங்க. மிச்சத்தப் பின் சீட்டுப் பக்கம் எடுத்துவிட்டேன். அவரு இழுத்துப் புடிச்சாத்தான் காடி நிக்கும்."

"அவரு எறங்குனா?"

"நான் வெளிய நின்னு வாங்கிப் புடிச்சிக்கணும்."

"அவரு எறங்குனா ரெண்டு கையையும் தொடையில வச்சி நீ குனிஞ்சி வணங்கணுமே?"



"நேத்து பாலிங் மேட்டுல குனிஞ்சேண்ணே. நிமிந்தப்ப காடி ஆத்துல கெடந்துச்சி."

"ஐயையோ! அறைஞ்சானா?"

"இல்லண்ணே. குனிஞ்சது சரியா இருந்துச்சின்னு தோள்ல தட்டுனாரு."

வரிசை நகர்ந்தது. வாசலில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு அன்று எல்லோரும் வழக்கத்தைவிட அதிகமாகவே குனிந்தார்கள். கையில் இருந்த அரிசிப் பைகளையும் கீழே போட்டுவிட்டுத்தான்.