பித்தளை வளையத்துக்குள் வைத்தது

தேநீர் நன்றாக இருக்கிறது. சர்க்கரைக் கட்டி இன்னொன்று கொடுத்தால் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்லிவிடுவேன்.

ஈரானில், இந்தப் புஷேர் துறைமுகத்தில், கடலடி மண்ணை அழுத்திப் பார்ப்பது என் வேலை. எங்கள் கடலடியில் கிடப்பது சிப்பியும் பவளமும் பொடிந்த சுண்ணாம்புக் குப்பை. கையில் எடுத்தால் விறைப்பாக நிற்கும். பாரம் ஏறினால் அப்பளமாக நொறுங்கும். அதனால் பித்தளை வளையத்துக்குள் வைத்து, தினமும் பாரத்தை இரட்டிப்பாக்கி, எவ்வளவு அமுங்குகிறது என்று எட்டு நாள் குறிக்க வேண்டும். அவசரமே கூடாது.

சோதனையின் மூன்றாம் நாள், புத்தாண்டின் பதின்மூன்றாம் நாளாக வந்து தொலைத்தது. அன்று கூரைக்கடியில் இருந்தால் வருடமே விளங்காது. ஊரே புல்வெளிக்குப் போய்விடும். வாசலில் என் மனைவி கோலாப்தூன் வண்டி ஹாரனை அழுத்தியபடி கத்தினாள்.

"யோவ், வர்றியா, இல்ல அந்த மண்ணையே கட்டிக்கிட்டு அழப்போறியா?"

மீதி ஆறு நாள் பாரத்தையும் ஒரேயடியாக ஏற்றினேன். நறுக்கென்று சத்தம் கேட்டது. அந்த ஆழத்து மண் அது ஒன்றுதான் இருந்தது. அது மாவாகிவிட்டது.

வெறும் வளையத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோலாப்தூன் செய்த பேரீச்சை அல்வாவை வெட்டி வைத்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு ஒரு நாள்கூடத் தவறாமல் முறைப்படி பாரம் ஏற்றினேன். கசிந்த நெய்யை நீர் என்று எழுதினேன்.

படகுத்துறை கட்டும் எஞ்சினியர் தஷ்தி என் அறிக்கையைப் பார்த்துப் பூரித்துப்போனார். "இந்த மண்ணுமேல மலையையே நிறுத்தலாம்யா" என்றார்.

படகுத்துறையின் முதல் இரும்புத் தூணை இறக்கும் நாளில், பலி கொடுக்க ஓர் ஆட்டையும் கட்டியிருந்தார்கள். தூணைக் கடலடியில் நிறுத்தியதும், சம்மட்டி படுவதற்கு முன்பே, அது தன் பாரத்திலேயே முப்பது மீட்டர் இறங்கிக் காணாமல் போனது. யாருக்கும் அடியில்லை. அந்தக் கலவரத்தில் ஆடும் பிழைத்தது. தஷ்திக்கு வேலை போனது.

அவர் என் வீட்டுக்கே வந்து அழுதார். "உன் சோதனை தப்பாதுய்யா. நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்."

"விடுங்க சார், மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். என்னால் முடிந்த ஆறுதல் அது.

ஆய்வுக்கூட அலமாரியில் இருந்த சோதனை மாதிரிக்கு எறும்பு வரிசை கட்டாமல் இருந்திருந்தால் நீங்கள் விசாரிக்க என்னிடம் வந்திருக்க மாட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்: தஷ்தி மேல் ஒரு தப்பும் இல்லை. வளையத்துக்குள் இருந்தது அல்வா, வைத்தவன் நான். அப்போதே சொல்லியிருந்தால், கடலடியைவிடக் கெட்டி என்று கோலாப்தூனின் அல்வாவுக்குப் பேர் வந்திருக்கும். அவள் தாங்க மாட்டாள்.

மற்றபடி எனக்குப் பொய் வராது. வேண்டுமானால் அவளையே கேளுங்கள். உன் அல்வா வாயில் கரைகிறது என்று இருபது வருடமாக அவளிடம் சொல்லிவருகிறேன்.