நீ முதல்ல முழுங்கு

– மாத்திரை உன் கையிலதானே இருக்கு, ஃபலேசி? முழுங்கு. நீ முழுங்கினா நான் முழுங்குறேன். நான் முழுங்கினா வெளிய நிக்கிற அத்தனை பேரும் முழுங்குவாளுக. அதுக்கு மேல என்னடி பேச்சு?

– கொஞ்சம் கேளேன், அக்கா. எனக்குச் சிரங்கு இல்ல.

– சிரங்கு இல்லாதவளும் முழுங்கணும்னு மருந்துப் பையத் தூக்கிக்கிட்டு வீடு வீடாக் கத்திக்கிட்டுத் திரிஞ்சது யாரு? "ஒரு ஆளு விட்டுப்போனாலும் அந்தப் பூச்சி மறுபடி எல்லாருக்கும் வந்துரும்." இன்னும் காதுல இரையுது.

– சொன்னேன்தான்.

– அப்போ முழுங்கு.

– நீ மொதல்ல சொறியறத நிறுத்து. விரலிடுக்குல ரத்தம் வருது பாரு.

– வரட்டும். ராத்திரி முழுக்கச் சோளக்கட்டைய வச்சு முதுகத் தேய்ச்சவ நான். விரலிடுக்கு ஒரு பெரிய விஷயமா? பேச்ச மாத்தாத.

– எனலெசி! ஏ எனலெசி! உள்ள அக்காளும் தங்கச்சியும் என்னதான் பண்றீங்க? அம்மாடி, வெயில்ல நிக்கிற நாங்க கருவாடா ஆயிட்டோம்!

– இரு எலிடா! வேலிய முறிச்சுராத! எங்க வீட்டுப் பேச்சுல உனக்கென்ன அவசரம்?

– எனக்கா அவசரம்? மருந்து வண்டிக்காரர் கெளம்பணும்ங்கிறார். ஒண்ணே ஒண்ணு சொல்லிரு. உன் தங்கச்சி முழுங்கிட்டாளா இல்லையா?

– முழுங்குவா! போய் மாமரத்தடியில நில்லு!

– அவதான் அக்கா எல்லாத்தையும் கெடுத்தது. அந்த மாத்திரை கருப்பையக் காய வச்சிரும்னு தண்ணி பம்படியில மொதமொதல்ல சொன்னவ எலிடாதான்.

– சொன்னா என்ன தப்பு? அவ புருஷன் ஜோகன்னஸ்பர்க் போயி ரெண்டு வருஷமாச்சு. கருப்பைக்கு வேலையே இல்லாம இருக்கிற அவளே பயப்படுறான்னா, பிள்ளை பெக்கறவளுக பயப்பட மாட்டாளுகளா?

– சிரிக்காத அக்கா. தமாண்டாவ நெனச்சுப் பாரு. உன் மககிட்ட இப்பத்தான் போயிட்டு வந்தேன். கை ரெண்டும் சீழ் கோத்துக் கெடக்கு. முகம் வேற வீங்கியிருக்கு. ஒண்ணுக்கு எப்படிப் போறா?

– போறா.

– எப்படின்னு கேட்டேன்.

– கடுந்தேத்தண்ணி நெறத்துல.

– அய்யோ அக்கா! இத ஏன் சொல்லல? சொறிஞ்ச புண்ணுல கிருமி ஏறி உள்ள சிறுநீரகத்தையே பிடிச்சிருச்சு. அந்த வண்டியிலயே அவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். மிச்சப் பிள்ளைங்களுக்கு அப்படி ஆகாம இருக்கணும்னா இன்னைக்கே இந்த வளவு மொத்தமும் மருந்து எடுக்கணும்.

– சொறிஞ்சா கை புண்ணாகும். முகம் எதுக்கு வீங்குது? யாரோ ஏதோ செஞ்சுட்டாங்க, சொல்லிட்டேன். செய்வினை எப்படியெல்லாம் வரும்னு உனக்கே தெரியும். வயித்துலேர்ந்து மூணு பிள்ளையப் பறிகொடுத்தவ நீ.

– அத ஏன் இப்ப எடுக்குற?

– உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? நான் ஒண்ணும் சொல்லலையே. முழுங்குன்னுதான் சொல்றேன். முழுங்க மாட்டேங்கிற, ஏன்னும் சொல்ல மாட்டேங்கிற. அப்போ எலிடா சொன்னது நிஜம். உனக்குத் தெரிஞ்சே எங்களுக்குக் குடுக்குற!

– இல்ல அக்கா! சத்தியமா இல்ல. இந்த மாத்திரை உனக்கு நல்லது, எல்லாருக்கும் நல்லது. எனக்கு இப்ப ஆகாது.

– உனக்கு மட்டும் என்ன?

– நேத்து ஊர்த் தலைவர் வாசல்ல லிலோங்வேலேர்ந்து வந்த டாக்டர் பேசினப்போ நீ இருந்தேல்ல?

– இருந்தேன். கோல் நட்டுப் பிள்ளைங்க உயரத்த அளந்தாங்க. கோட்டுக்குக் கீழ இருக்கிற சின்னதுகளுக்கு மாத்திரை கிடையாது, பூசுற மருந்துன்னாரு.

– அப்புறம் என்ன சொன்னாரு?

– முழுகாம இருக்கிறவங்களுக்கும் பூசுற மருந்துதான், அப்படி யாராவது இருந்தா தள்ளி நில்லுங்கன்னாரு. நல்ல மனுஷன். ஆனா ஊரு மொத்தமும் பாத்துக்கிட்டிருக்க, எவ தள்ளி நிப்பா? எவ கண்ணு வயித்துல விழும்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தியும் நிக்கல.

– நானும் நிக்கல, அக்கா.

– என்னது?

– நானும் தள்ளி நிக்கல.

– எத்தனை மாசம்?

– நாலு.

– நாலு மாசம். ஒரே முத்தம், ஒரே அடுப்பு. உனக்கு நான் களி கிண்டிப் போட்டேன், இடுப்புல சுத்துற சிட்டென்ஜே துணிய ஏத்தி ஏத்திக் கட்டுறியே, தடிச்சுட்டேடின்னு கேலி பண்ணேன். அப்பக்கூட சொல்லல.

– என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

– போன தடவ என்கிட்டத்தான் மொதல்ல ஓடி வந்து சொன்னே. சொன்ன வாரமே போயிருச்சு. எனலெசி கண்ணுதான் தின்னுச்சுன்னு ஊரே பேசுச்சு. ஊரு பேசட்டும். நீயும் அப்படி நெனச்சியா?

– அக்கா…

– வாயத் தொறந்து சொல்லு.

– நெனச்சேன். எல்லா நாளும் இல்ல. தூக்கம் வராதப்ப நெனப்பேன். விடிஞ்சு உன் மூஞ்சியப் பாத்தா என்மேலயே வெறுப்பா இருக்கும்.

– ம்.

– அழாத அக்கா.

– யாரு அழுதா? கண்ணும் அரிக்குது, அவ்வளவுதான். குடு.

– எத?

– மாத்திரையத்தான். தண்ணி மொண்டு குடு. ம்… கசப்பு. இப்ப தள்ளு, வாசலுக்குப் போறேன். ஏ எலிடா! எல்லாரும் கேளுங்கடி! நான் முழுங்கிட்டேன்! என் தங்கச்சியும் முழுங்கிட்டா! தண்ணி குடுத்ததே நான்தான், இந்தக் கையால!

– அக்கா! ஏன் பொய் சொல்ற?

– நீ சும்மா இரு. உன் வயித்துக்கு இனிமே நான்தான் காவல். நீ பூசுற மருந்தப் பூசிக்க, முதுகுக்கு நான் பூசி விடுறேன். இந்தா பாரு, இனிமே ஒவ்வொருத்தியா உள்ள வரட்டும். கதவச் சாத்திட்டு மெதுவாக் கேளு. அது ஊருக்கு நடுவுல கேக்குற கேள்வி இல்ல, சொல்லிட்டேன்.

– தமாண்டா?

– என் பிள்ளைய நானே தூக்கி வண்டியில ஏத்துறேன். எலிடா! கத்துறதுல நீதானே மொத ஆளு? முழுங்கறதுக்கும் மொத ஆளா வா!

– வந்துட்டேன், வந்துட்டேன். அம்மாடி, என்ன இருட்டு! எனலெசி, போகையில அந்தக் கதவச் சாத்திட்டுப் போயேன்.

– உக்காரு எலிடாக்கா. இந்தா மாத்திரை. கைய நீட்டு.

– ஃபலேசி… எனக்கு அந்தப் பூசுற மருந்து குடுத்துரு.

– அது கோட்டுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்கு. அப்புறம்…

– யாருக்குன்னு தெரியும்டி. மெதுவாப் பேசு.

– எலிடாக்கா! அப்போ கருப்பை காஞ்சிரும்னு ஊரெல்லாம் சொன்னியே, அது?

– வேற என்ன செய்யச் சொல்ற? ஒருத்தியுமே முழுங்கலேன்னா, நான் ஏன் முழுங்கலேன்னு யாரும் கேக்க மாட்டாங்கல்ல?