ஒன்பது முறுக்கு

ஸ்ட்ரெதமில் நான் ஏறிய பஸ்ஸின் மேல்தட்டில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவரின் மடியில் ஒரு ஃபைல் இருந்தது. கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

"அக்கா, என்ரை மகளின்ரை பிறந்தநாளுக்கு நீங்கள் சாப்பிட்ட முறுக்கு மாட்டுத்தீனி."

"என்னடி சொல்லுறாய்?"

"சோளத்திலை எரிசாராயம் வடிச்ச பிறகு மிஞ்சிற சக்கை. மாட்டுக்குத்தான் போடுறவை. எங்கடை இவரின்ரை லாப்பிலை அதை மாவாக்கி, மனுசர் சாப்பிட ஏலுமோ எண்டு பாக்கினம். பாணும் பிஸ்கட்டும் சுட்டவை. ஒருத்தரும் ரெண்டாம் கடி கடிக்கேல்லை. இந்த மாதத்துக்குள்ளை ஒண்டும் சரிவராட்டி இவருக்கு வேலை போயிடும்."

"அதுக்கு எங்களிலையோ சோதிச்சனி?"

"நாங்களும் சாப்பிட்டனாங்கள்தானே. அரைவாசி அரிசிமா. தட்டு வெறுமையாப் போச்சுது. நீங்கள் மட்டும் ஒம்பது."

"எண்ணினனியோ?"

"எண்ணத்தானே வேணும். சாப்பிட்ட ஆக்களின்ரை கையெழுத்து இல்லாட்டி அங்கை நம்பமாட்டினம்."

"மாட்டுத்தீனி திண்டனான் எண்டு நான் கையெழுத்துப் போடவோ? ஊர் சிரிக்கும்!"

இளையவர் ஃபைலை மூடிக்கொண்டார். கோலியர்ஸ் வுட் நெருங்கியபோது மூத்தவர் கையை நீட்டினார்.

"பேனையைத் தா."

ஃபைலில் இருந்த படிவத்தில் கையெழுத்திட்டார். 'மீண்டும் சாப்பிடுவீர்களா' என்ற ஆங்கிலக் கேள்விக்கு எதிரே 'ஆம்' என்ற கட்டத்தில் கோடிட்டார். குறைகளைச் சொல்ல விட்டிருந்த இடத்தில், ஃபைலைத் தன் மடிக்கு இழுத்துவைத்து, நிதானமாகத் தமிழில் எழுதினார். நான் இறங்க எழுந்தபோது அது என் கண்ணில் பட்டது.

"உப்புக் காணாது. ஓமம் போடவும்."