இடது பக்கமாப் படுக்கச் சொன்னாங்க

...அந்த மெஷினைத்தான் தம்பி சொல்றேன்! மனுஷனை உசுரோட கொன்னுடும். என் பொண்ணு வயித்தைச் சுத்திப் பட்டையைக் கட்டி விட்டுட்டாங்க, உள்ள இருக்கற பிள்ளையோட இதயத்துடிப்பு ரூம் முழுக்கக் கேக்குது. டக்கு டக்கு டக்குன்னு. நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது. நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. திடீர்னு நூத்திப்பத்து... தொண்ணூறு... அப்புறந்தான் பீப்பீப்னு கத்துது. கத்தறதை முன்னாடியே கத்தித் தொலைய வேண்டியதுதானே! நீங்களும் சம்சாரத்தை உள்ள விட்டுட்டுத்தானே உக்காந்திருக்கீங்க? மொதப் பிள்ளையா? பதிலே வேணாம், கடிச்ச நகத்தைப் பாத்தாலே தெரியுது.

நர்சம்மா ஓடி வந்தாங்க. வந்ததும் மொத வேலையா என்னை வெளிய தள்ளினாங்க. நியாயத்தைப் பாருங்க! கத்தினது மெஷினு, வெளிய வந்தது நானு. மாப்பிள்ளை இன்னும் வழியில மாட்டிக்கிட்டிருக்காரு, என் வீட்டுக்காரிக்கு ஊசியைப் பாத்தாலே மயக்கம். அதனால பொண்ணுக்குத் துணையா அப்பன் நானு.

அப்புறம் டாக்டரம்மா வந்து விளக்கினாங்க. சின்ன வயசுதான், கெட்டிக்காரி. உள்ள இருக்கற பிள்ளை மூச்சு விடாதுல்ல, தாயோட ரத்தத்துல இருந்து கொடி வழியாத்தான் பிராணவாயு வரணும். அது கொறைஞ்சா பிள்ளை என்ன பண்ணுமாம் தெரியுமா? துடிப்பை மெதுவாக்கிக்குமாம். கை காலு, குடலு, அங்கெல்லாம் போற ரத்தத்தைச் சுருக்கிட்டு, மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விட்டுடுமாம்! நான் நாப்பது வருஷமா குழாய் வேலை பாக்கறவன். டேங்க்ல தண்ணி கொறைஞ்சா பாத்ரூம் வால்வை மூடிட்டு சமையல்கட்டுக்கு விடுங்கன்னு எத்தனை வீட்டுல தொண்டை வறளக் கத்தியிருக்கேன்! ஒருத்தராவது கேக்கணுமே? என் பேரப்பிள்ளை இன்னும் பொறக்கவே இல்ல, தானாவே வால்வைத் திருப்புது! கண்டிப்பா அப்பன் வழியில வந்ததில்ல தம்பி, மாப்பிள்ளைக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது.

ஆனா... ரொம்ப நேரம் அப்படித் தாக்குப்பிடிக்காதாம். இன்னொரு தடவை துடிப்பு எறங்கினா உடனே ஆபரேஷன்னுட்டாங்க. அதைத்தான் உள்ள பாத்துட்டிருக்காங்க.

ஏன் கொறைஞ்சுதுன்னா கேக்கறீங்க? கேக்கலையா... கேக்கற மாதிரி பாத்தீங்களே. சரி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்கதான் வாயே தொறக்க மாட்டேங்கறீங்களே. பொண்ணை இடது பக்கமாப் படுக்கச் சொல்லியிருந்தாங்க. இடது பக்கம் சுவரு. நாற்காலி இந்தப் பக்கம். ஒரு மணி நேரமா அவ முதுகுகிட்டயே பேசிட்டிருந்தேன் தம்பி. கதை நல்ல கட்டத்துக்கு வந்துடுச்சு, அவ சிரிக்கறாளா இல்லையான்னு பாக்காம எப்படிச் சொல்றது? "கொஞ்சம் மல்லாந்து படும்மா"ன்னு நாந்தான்... நானே கையைக் குடுத்துத் திருப்பி விட்டேன்.

மல்லாந்தா வயித்துப் பாரமெல்லாம் முதுகெலும்போரமா போற பெரிய ரத்தக்குழாய் மேல உக்காந்துடுமாம். தாய்க்கே ஓட்டம் கொறைஞ்சா பிள்ளைக்கு எங்கேர்ந்து போகும்? குழாய் மேல பாரம் ஏத்தாதேன்னு ஊருக்கே சொன்னவன் தம்பி நான்! கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்க எடம் இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் போயிருக்கலாம். தோணலையே எனக்கு... டக்கு டக்குங்கற சத்தம் எறங்க எறங்க பயந்துட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு.

அய்யோ, நர்சம்மா வராங்க... நாந்தாம்மா, நாந்தான்! நூத்தி நாப்பதா? எறங்கலையே? ஆபரேஷன் இப்போதைக்கு வேணாமா? அப்பாடா... என்னையா? உள்ளயா? அவளே கூப்பிட்டாளா... நான் பேசிட்டிருந்தாத்தான் வலி தெரியலைங்கறாளா? சுவத்துப் பக்கந்தாம்மா நிப்பேன், நாள் பூரா நிக்கறேன்...

தம்பி, உள்ள போயி என்ன பேசறதுன்னே தெரியலையே. நீங்க ஏதாவது சொல்லிக் குடுங்களேன்!