சீசன் டீமுக்கு ஒரு சாட்சி

வேணாம் மேடம், லிஃப்ட் வேணாம். கதவு மூடுறப்ப ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அது எனக்குப் பிடிக்கல. இருபத்தாறு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் சொல்றேன், கேளுங்க. நாலு மாடிதானே, படியிலயே போயிடலாம். பையைக் குடுங்க. அட, குடுங்கன்னா. கேஸ் கட்டா இது? வக்கீலுக்குப் படிச்சீங்களா, மூட்டை தூக்கப் படிச்சீங்களா?

எல்லாம் ஞாபகம் இருக்கு மேடம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கதை சொல்லக் கூடாது. ஜட்ஜைப் பாத்து சிரிக்கக் கூடாது. நம்ம கட்சி என்ன? சீசன் ஆட்டம் வேற, தினசரி ஆட்டம் வேற. ரெண்டுலயும் நிஜ ஃபுட்பால் ஆளுங்களைப் பொறுக்கி போன்ல ஒரு டீம் கட்டணும், அவங்க கிரவுண்டுல கோல் போட்டா நமக்குப் பாயிண்ட். அது வரைக்கும் ஒண்ணுதான். ஆனா தினசரிக்காரன் காலைல டீம் போடுவான், அன்னைக்கே முடிவு தெரிஞ்சிடும். பந்து கம்பத்துல பட்டு வெளிய போச்சா, அவனும் போனான். அது அதிர்ஷ்டம். நம்மளுது ஒன்பது மாசம். எவனுக்குக் கால்ல அடி, எவன் கோச்சுகிட்ட மொறைச்சுக்கிட்டான்னு வாராவாரம் பாத்துப் பாத்து ஆளை மாத்தணும். அதிர்ஷ்டம் அவ்ளோ நாள் கூட வராது. அதனால இது திறமை. சர்க்கார் தினசரியை சூதாட்டம்னு தடை பண்ணிக்கட்டும், எங்களைத் தொடக் கூடாது. சரியா சொன்னேனா?

அந்த தினசரி கம்பெனி வக்கீல்தான் வில்லங்கமான ஆளு. நாங்க சூதுன்னா அவங்களும் சூதுதான், மூடுனா ரெண்டையும் மூடுங்கன்னு குறுக்க விழுந்து படுக்கிறாரு. ஆனா கோட்டு நல்லா தெச்சிருக்காரு. அவருக்குப் பதில் சொல்லத்தானே நான். நாப்பதாயிரம் டீம்ல முதல் டீம். திறமைக்கு உயிருள்ள சாட்சின்னு நீங்களே மனுவுல எழுதியிருக்கீங்க. படிச்சப்ப எனக்கே புல்லரிச்சுது.

ரெண்டாவது மாடி. மெதுவா வாங்க, டைம் இருக்கு.

மேல நீலச் சட்டை போட்டு ஒருத்தன் முன்னாடி பெஞ்சுல உக்காந்திருப்பான் பாருங்க, அவன் என் தம்பி. அண்ணன் சாட்சி சொல்றதைப் பாக்க லீவு போட்டுட்டு, கோர்ட்டு திறக்குறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறான். நாலு வருஷம் நாங்க பேசிக்கல மேடம். காரணமா? தங்கச்சி கல்யாணத்துல குடும்ப போட்டோ. இவன் பாத்ரூம் போயிருந்தான். நான் கவனிக்காம எடுங்க எடுங்கன்னுட்டேன். அம்மா அதைப் பெருசு பண்ணி ஹால்ல மாட்டிட்டாங்க. அன்னைக்கு நின்ன பேச்சு. சிரிக்காதீங்க, நாலு வருஷம்.

இந்த சீசனுக்கு டீம் கட்டுறப்ப கோல்கீப்பர் யாருன்னு குழப்பம். ஃபுட்பால்ல அவன் அளவுக்கு எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. ரோஷத்தை மூட்டை கட்டி வச்சுட்டு போன் பண்ணிட்டேன். நலம்கூட விசாரிக்காம, நான் நெனச்சு வச்சிருந்த கீப்பர் பேரைச் சொன்னேன். உடனே, அவனா கீப்பர், பந்து வந்தா டாட்டா காட்டுவான், தூக்குடா அவனைன்னான். நாலு வருஷம் கழிச்சு என் தம்பி என்கிட்ட பேசுன முதல் பேச்சு மேடம் அது. அண்ணனை டா போட்டதைக்கூட நான் கண்டுக்கல.

அதுலேர்ந்து வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு போன். யாரை எடுக்கணும், யாரைப் போடணும்னு அவன் சொல்வான், நான் நோட்டுல எழுதிப்பேன். பத்து நிமிஷம் டீம். மிச்ச நேரம் அவன் முட்டி வலி, என் பி.பி., அம்மா யாரு வீட்டுல நல்லா சாப்பிடுறாங்கன்னு சண்டை. நோட்டு ரெண்டு தீந்துபோச்சு. திங்கக்கிழமை டீம் முதல்ல நிக்கும். பாத்தியா நான் சொன்னேன்லம்பான். அந்தக் குரலை நீங்க கேக்கணும்.

மூணாவது மாடி. இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. மூச்செல்லாம் வாங்கல. லிஃப்ட்லயும் ஒரு கோளாறும் இல்ல. நாப்பது செகண்டுல மேல விட்டுடும், உங்ககிட்ட ஒண்ணு சொல்ல எனக்கு அது பத்தாது.

இந்த சீசன்ல எத்தனை தடவை ஆளை மாத்துனீங்கன்னு அந்தக் கோட்டுக்காரர் கேப்பாரா? ஐயோ, நீங்களே கேக்கப் போறீங்களா? முதல் கேள்வியே அதுதானா?

ஒண்ணுமில்ல மேடம். ரெண்டாவது வாரம் என் போன் லிஃப்ட் குழியில விழுந்து செத்துப்போச்சு. புது போன்ல பாஸ்வேர்டு கேட்டுது. மறந்துபோச்சு. மறந்தா மெயில் அனுப்புறோம்ங்கிறான். அது பழைய கம்பெனி குடுத்த மெயில். அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க, இப்ப அங்க மெத்தைக் கடை. நேர்ல போய்க்கூடக் கேட்டேன், சிங்கிளா டபுளாங்கிறாங்க. எந்த டீம் எத்தனாவது இடம்ங்கிற வரிசையை யாரு வேணா பாக்கலாம், டீம்ல கை வைக்கத்தான் முடியாது. முப்பத்தோரு வாரமா அந்த டீம் போட்டது போட்டபடி கெடக்கு. கால் ஒடிஞ்சு படுத்திருக்கிறவன்கூட உள்ளதான் இருக்கான். அதுவா ஜெயிச்சுக்கிட்டு இருக்கு. மாத்துனது ஒரு தடவைகூட இல்ல.

படியில உக்காராதீங்க மேடம், புடவை அழுக்காயிடும். தண்ணி குடிங்க. முன்னாடியே சொல்ல வாயெடுத்தேன், நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க, மனசு வரல. தம்பிக்கும் தெரியாது. அவன்கிட்ட பட்டன் போன். டீம் கைவிட்டுப் போச்சுன்னு சொன்னா வெள்ளிக்கிழமை எதைச் சாக்கா வச்சு அவனைக் கூப்பிடுறது? எனக்கு முதல் இடமும் வேணாம், ஒண்ணும் வேணாம், அந்த ஆறு மணி போச்சுன்னா தாங்க மாட்டேன்.

பயப்படாதீங்க, சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல மாட்டேன். அதோ, மேல கோர்ட்டு டவாலி என்னைத்தான் கூப்பிடுறாரு. வர்றேங்க, வந்துட்டேன்!

ஒரே ஒரு சட்டம் மட்டும் சொல்லுங்க மேடம். கூண்டுல நான் பேசி முடிக்கிற வரைக்கும், முன்னாடி பெஞ்சுல கேக்க வந்தவங்க யாரும் எந்திரிச்சுப் போகக் கூடாதுல்ல?